எம்.டி. மாறினால் நிறுவனம் மாறுமா?

#1 தென்னூரான்

எங்கள் அலுவலகத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஐந்து பலகைகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வரவேற்பறையில் மாலை போடாத குறையாகத் தொங்கியது. ‘நமது தொலைநோக்கு’ என்று தலைப்பு. ஒன்றில் ‘முன்னோடி நிறுவனம்’, அடுத்ததில் ‘முதன்மை நிறுவனம்’, அதற்கடுத்ததில் ‘உலகத்தரம்’. ஒவ்வொரு எம்.டி.யும் (மேலாண்மை இயக்குநர்) வந்த மூன்றாம் மாதம் ஒன்று எழுதச் சொல்வார். ஆறு வருஷத்தில் ஐந்து பேர். ஆறாமவர் போன வாரம் பொறுப்பேற்றார். பலகை எழுதுகிறவர் நேற்றே வந்து சுவரை அளவெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாநில அரசு நிறுவனம், பெயர் வேண்டாம். நான் அங்கே கண்காணிப்பாளர். சமீபத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ‘வியூகத் தலைமையும் பொதுத்துறைச் செயல்திறனும்’ என்று வகுப்பு. தலைவர் திசையைக் காட்டுவார், ஊழியர்கள் அந்தத் திசையில் நடப்பார்கள், செயல்திறன் ஏறும் என்று அம்புக்குறி போட்ட படம் காட்டினார்கள். அந்த அம்புக்குறி எங்கள் மூன்றாவது மாடியில் எந்த மேஜையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வகுப்பெடுத்தவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

இங்கே அரசு வேலையில் இருந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் மாறியதால் ஒரு நிறுவனம் உண்மையிலேயே மாறியதைப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல மனிதர், நேர்மையானவர் என்ற சான்றிதழ் வேண்டாம். என்ன செய்தார், அதனால் கீழே எது மாறியது என்று சொல்லுங்கள்.

#2 ஸ்பேர்பஸ்

பார்த்ததில்லை. 31 வருஷம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

டிக்கெட் கட்டணத்தை எம்.டி. ஏற்ற முடியாது, அரசுதான் ஏற்றும். 2011-ல் ஒரு தடவை ஏற்றினார்கள், அடுத்து 2018 ஜனவரியில். நடுவில் டீசல் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். நஷ்டத்தில் ஓடும் வழித்தடத்தை அவர் நிறுத்தவும் முடியாது, ஊர்க்காரர்கள் மறியல் செய்தால் மறுநாள் பஸ் போய்த்தான் ஆகவேண்டும் (போகவும் வேண்டும், அது வேறு கதை). ஆள் எடுக்க அரசு அனுமதி, புது வண்டி வாங்க அரசு அனுமதி. 2021-ல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம், நான் எதிர்க்கவில்லை. அதை முடிவு செய்தது எந்த எம்.டி.? விலை, வழித்தடம், ஆள், வண்டி நான்கும் கையில் இல்லாதவரிடம் வியூகம் கேட்டால் பலகைதான் எழுதுவார். பாவம், அவரால் முடிந்தது அது.

#3 இன்டென்ட் அக்கா

தென்னூரான் தம்பி, நான் ஒன்று பார்த்தேன். கொஞ்சம் நீளமாகும்.

1980களில் அரசு மருத்துவமனையில் பார்மசிஸ்டாகச் சேர்ந்தேன். அன்றைக்கு மாத்திரை ஆயிரம் போட்ட டப்பாவில் வரும். மூடியைத் திறந்து தட்டில் கொட்டி, கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவின் அடியில் இருப்பது மாவாகியிருக்கும். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்பது டப்பாவோடு போய்விடும். நோயாளி கையில் இருப்பது வெறும் வெள்ளை உருண்டை. வருஷத்துக்கு ஒரு தடவை இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல் போடுவோம். கேட்டது ஒன்று, வருவது ஒன்று. இருமல் மருந்து மலை மாதிரி கிடக்கும், காசநோய் மருந்து இருக்காது. மார்ச் மாதம் பட்ஜெட் தீரவேண்டுமே என்று அவசரமாக வாங்கியது, காலாவதியாக நான்கு மாதம் இருக்கும்போது வந்து சேரும்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன் மருந்துக் கொள்முதலில் பெரிய ஊழல் சர்ச்சை எழுந்திருந்தது. பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முதல் மேலாண்மை இயக்குநர். 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வர ஆரம்பித்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவருடைய தொலைநோக்கு வாசகம் எது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் மேஜைக்கு ஒரு பாஸ்புக் வந்தது.

பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். எங்கள் மருத்துவமனைக்கு அந்த வருஷம் எவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்திருப்பார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் எங்களுக்கு என்ன தேவையோ அதை எடுப்போம். எடுத்ததன் மதிப்பைப் பதிந்து கழித்துவிடுவார்கள். பணம் எங்கள் கைக்கு வராது, மருந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் வரும். அதுவரை ஸ்டாக் ரிஜிஸ்டரை ஆடிட்டுக்கு மட்டுமே எடுத்த எங்கள் தலைமை மருத்துவர், அந்த வருஷம் மாதாமாதம் என்னிடம் வந்து “இன்னும் எவ்வளவு இருக்கும்மா?” என்று கேட்க ஆரம்பித்தார். தன் தொகை என்று வந்ததும் மனுஷருக்குக் கணக்கு வந்துவிட்டது.

அப்புறம் டப்பா போய் ஸ்ட்ரிப் வந்தது. அதன் மேல் தமிழ்நாடு அரசு முத்திரை. அதைத் திருடி வெளியே விற்பது லேசில்லை, ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் அரசு உட்கார்ந்திருக்கிறதே. பிராண்டு பெயரில் வாங்கவில்லை, ஜெனரிக் என்கிற மூலப்பெயரில்தான். நீண்டு கிடந்த மருந்துப் பட்டியலை இருநூற்றுச் சொச்சமாகச் சுருக்கினார்கள். டாக்டர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போனது. டெண்டர் இரண்டு உறையில் வரும். முதல் உறையில் உள்ள தகுதி தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த மாதிரியில் கம்பெனி பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும் இருக்கும். யாருடைய மருந்தைப் பரிசோதிக்கிறோம் என்று பரிசோதிப்பவருக்கே தெரியாது.

கிடங்கு முழுக்கக் கம்ப்யூட்டர் கணக்கு. 90களின் நடுவில் சொல்கிறேன், எங்கள் ஊரில் அப்போது எஸ்.டி.டி. பூத்தே புதுசு.

அதே டாக்டர், அதே நர்ஸ், அதே நான். சம்பளம் ஏறவில்லை, ஊக்கப் பேச்சு எதுவும் யாரும் பேசவில்லை. ஆனால் வரிசையில் நின்றவருக்கு மருந்து கிடைத்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான் தம்பி.

#4 ஸ்பேர்பஸ்

அக்கா, அருமை. ஆனால் இதில் தலைவர் எங்கே இருக்கிறார்? ஊழல் சர்ச்சை வந்தது, அரசுக்கு வேறு வழியில்லை, தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். துறைக்குள்ளேயே இருந்திருந்தால் பூர்ணலிங்கம் சாரும் ஒரு பலகை எழுதிவிட்டு மாற்றலாகிப் போயிருப்பார். அமைப்பு மாறியது, பலன் வந்தது. அவ்வளவுதான்.

#5 காவிரிக்கரை

பொது நிர்வாகத்தில் ஆய்வு செய்கிறேன், இந்தத் தலைப்பைச் சுற்றித்தான். ஸ்பேர்பஸ் சார் சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. தமிழ்நாட்டைப் பார்த்துக் கேரளம், ராஜஸ்தான் என்று பல மாநிலங்கள் இதேபோல் கழகம் ஆரம்பித்தன. அமைப்புதான் எல்லாம் என்றால், நகல் எடுத்த இடமெல்லாம் ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லையே? கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. பாஸ்புக்கையும் பேட்ச் பரிசோதனையையும் தினமும் நடத்துவது வேறு வேலை.

என்னைக் குழப்புவது இன்னொன்று. செயல்திறன் என்று எதைச் சொல்கிறோம்? மத்தியப் பொதுத்துறையில் அர்ஜுன் சென்குப்தா குழு சொன்னபடி 1980களின் பிற்பகுதியிலிருந்து புரிந்துணர்வு ஒப்பந்த முறை இருக்கிறது. நிறுவனமும் அமைச்சகமும் வருஷ ஆரம்பத்தில் இலக்கு வைத்துக் கையெழுத்துப் போடும். வருஷ முடிவில் மதிப்பெண். ‘எக்ஸலன்ட்’, ‘வெரி குட்’ என்று வரும். அந்தக் கோப்புகளோடு பழகிய ஓர் அதிகாரி எனக்குச் சொன்னது, “நல்ல தலைவர் இலக்கை எட்டுவார்மா. கெட்டிக்காரத் தலைவர் எட்டுகிற மாதிரி இலக்கை வைப்பார்.” இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண்தான்! தலைமைக்கும் செயல்திறனுக்கும் உறவு இருக்கிறது என்று கேள்வித்தாள் கொடுத்து ஊழியர்களிடம் கேட்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. “உங்கள் மேலதிகாரி தொலைநோக்கு உள்ளவரா?” என்று மேலதிகாரி கையெழுத்தோடு வந்த தாளில் கேட்டால் யார் ‘இல்லை’ என்று டிக் அடிப்பார்கள்?

#6 பாய்லர்

மின்நிலைய இயந்திரங்கள் செய்யும் மத்திய அரசு நிறுவனமான பெல்லின் (பி.எச்.இ.எல்.) திருச்சி ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பங்கு.

வி. கிருஷ்ணமூர்த்தி. எங்கள் டெல்டாக்காரர், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்தவர். திருச்சி ஆலையில் பொறுப்பில் இருந்தவர், 1972-ல் பெல் முழுமைக்கும் தலைவர் ஆனார். அன்றைக்குப் போபாலில் ஒரு கம்பெனி, எங்கள் பக்கம் ஒரு கம்பெனி, எல்லாம் அரசுடையதுதான், ஆனால் தனித்தனி ராஜ்ஜியம். 1974-ல் இணைத்தார்கள். அதே வருஷம் கம்பெனிக்கு ஒரு நீண்டகாலத் திட்டம் எழுதப்பட்டது. பாய்லர் செய்து லாரியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது என்ற எண்ணத்தை அது மாற்றியது. மின்வாரியத்துக்கு வேண்டியது பாய்லரா, கரண்டா? கரண்ட் வரும்வரை நம் பொறுப்பு. இது சொல்லச் சுலபம். பாய்லர் ஒரு ஊரில், டர்பைன் ஒரு ஊரில் செய்யும் கம்பெனியில் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால்தான் நடக்கும்.

அப்புறம் மாருதி. 1981-ல் தொடங்கி 1983 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. அதுவும் அன்றைக்கு அரசு நிறுவனம்தான், பலர் மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன். அதிகாரிகள் தனி ரூமில் சாப்பிட்ட காலத்தில் அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று பொதுத்துறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். 1985-ல் செயில். நஷ்டத்தில் கிடந்த எஃகு நிறுவனம். ஆலை ஆலையாகப் போய், அதிகாரிகளையும் தொழிலாளர்களையும் கூட்டம் கூட்டமாகச் சந்தித்துப் பேசினார், பிறகுதான் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதினார். லாபத்துக்கு வந்தது. மூன்று இடம், மூன்றும் அரசு, ஒரே ஆள். இதைத் தற்செயல் என்று சொல்வீர்களா ஸ்பேர்பஸ்?

ஆனால் நியாயமாகப் பேசவேண்டும் என்றால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010க்கு அப்புறம் நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் வற்றின. எங்களை நம்பித் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்தவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். கிருஷ்ணமூர்த்தியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாலும் நாட்டில் யாரும் மின்நிலையம் கட்டாதபோது பாய்லரை யாருக்கு விற்பார்?

#7 ஸ்பேர்பஸ்

தற்செயல் என்று சொல்லமாட்டேன். அவர் போன மூன்று இடத்திலும் டெல்லி அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாருதி அன்றைய பிரதமர் வீட்டுக் கனவு. அந்தச் செல்வாக்கு எங்கள் மண்டலப் பொதுமேலாளருக்கு வருமா?

#8 யமுனைக்கரைத் தமிழன்

செல்வாக்கு தானாக வருவதில்லை, பேசி வாங்குவதும் தலைமையில்தான் சேர்த்தி. டெல்லி மெட்ரோவைக் கட்டிய ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனைச் சொல்லாமல் இந்த இழை எப்படி எட்டு பதிவு வரை வந்தது!

பாம்பன் கதை நமக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் பாலம் போனது, ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது, அவர் 46 நாளில் ஓடவைத்தார். அது பொறியாளர் திறமை. டெல்லி மெட்ரோ வேறு வகை. அதே ரயில்வே, அதே படிப்புப் படித்த பொறியாளர்கள் கொல்கத்தா மெட்ரோவைக் கட்டினார்கள். 1972-ல் அடிக்கல், 1984-ல் முதல் துண்டு, 1995-ல்தான் முழு வழி. சுமார் 16 கிலோமீட்டர்! பணம் வருஷா வருஷம் சொட்டுச் சொட்டாக வந்தது, தெருவைத் தோண்டினால் எந்தக் குழாய் என்று தெரியாது, வழக்குகள் வேறு. டெல்லியில் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்கு போட்ட தனிக் கம்பெனி. 1997-ல் 65 வயதில் ஸ்ரீதரன் வந்தார். ஆட்களை நானே தேர்ந்தெடுப்பேன், டெண்டரை நாங்களே முடிப்போம் என்பதை முதலிலேயே பேசி வாங்கிக்கொண்டார். 2002 டிசம்பரில் முதல் ரயில் ஓடியது. முதல் கட்டம் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

அவர்கள் அலுவலகங்களில் ஒரு பலகை உண்டு, தென்னூரான் கவனிக்க. வாசகம் எதுவும் கிடையாது, இன்னும் எத்தனை நாள் என்ற எண் மட்டும் தினமும் ஒன்று குறையும். டீ குடிக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

2009-ல் டெல்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பாலம் கட்டும்போது விபத்து நடந்து ஆட்கள் இறந்தார்கள். அன்றே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை. அந்த அவசரமே விபத்துக்குக் காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தேதியைத் துரத்துகிற தலைமைக்கு அந்தக் கேள்வி எப்போதும் பின்னாலேயே வரும், அதை ஒதுக்கிவிட்டுப் புகழ்ந்தால் பாதிக் கதைதான்.

#9 தென்னூரான்

எல்லோருக்கும் நன்றி. நாள் எண்ணும் பலகையை எங்கள் வரவேற்பறையில் மாட்டினால் அது எம்.டி. மாற்றலுக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் காட்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கிருஷ்ணமூர்த்தி, ஸ்ரீதரன் இரண்டு பேருக்கும் நாற்காலியில் நிலைத்து உட்காரும் காலம் கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு சராசரியாக 14, 15 மாதம். அதில் முதல் மூன்று மாதம் வரவேற்பு, கடைசி இரண்டு மாதம் போகப்போகிறார் என்ற வதந்தி.

#10 ஸ்பேர்பஸ்

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது.

எங்கள் கழகத்தில் ஓர் எம்.டி. இருந்தார், பெயர் வேண்டாம். கட்டணம் என் கையில் இல்லை, டீசல் விலை என் கையில் இல்லை, ஆனால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது நம் கையில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த கே.எம்.பி.எல். கணக்கை டிரைவர் வாரியாக, வண்டி வாரியாக, தினமும் பணிமனை வாசலில் சாக்பீஸில் எழுதச் சொன்னார். டிரைவர்களைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தோம், சங்கத்தில் பேசத் தயாராகவும் இருந்தோம். அவர் பிடித்தது பணிமனைக்காரர்களான எங்களை. ஒரே வண்டியை மூன்று டிரைவர் ஓட்டியும் மைலேஜ் வரவில்லை என்றால் கோளாறு வண்டியில், அதாவது பணிமனையில். டயர் காற்று, பிரேக் ஒட்டல், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரவு ஷிஃப்டில் காற்று பிடிக்கிற பையன் லீவு போட்டால் மறுநாள் போர்டில் தெரிந்துவிடும். நான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே செய்தேன். மைலேஜ் ஏறியது.

அவர் போனார். அடுத்தவருக்கு இதில் ஆர்வமில்லை. இருந்தும் போர்டு நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் டிரைவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். “ஏன் சார் இன்னைக்கு எழுதல?” தன் எண்ணைப் பார்க்காமல் டூட்டிக்குப் போக அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நான் ஓய்வு பெறும் நாள் காலையிலும் அந்த போர்டில் சாக்பீஸ் எழுத்து இருந்தது.

நஷ்டம் தீரவில்லை. அதைத் தீர்க்க அவரால் முடியாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் #2-ல் ‘பார்த்ததில்லை’ என்று எழுதியது பொய்.

#11 இன்டென்ட் அக்கா

அண்ணே, அந்த ‘ஏன் சார் எழுதல’தான் நான் சொல்ல முடியாமல் தவித்தது.

1996-ல் ஆட்சி மாறியபோது நாங்கள் பயந்தோம். நம் ஊரில் முந்தின ஆட்சி ஆரம்பித்தது என்றாலே போதும், பெயரையாவது மாற்றிவிடுவார்கள். கழகம் தப்பித்தது. ஏன் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஓராண்டுதான் ஓடியிருந்தது, அதற்குள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு பாஸ்புக், அதைத் தன் சொத்தாக நினைக்கிற ஒரு டாக்டர், டப்பா மாத்திரையைத் திரும்பத் தொட விரும்பாத என்னைப் போல ஒரு பார்மசிஸ்ட். கலைத்தால் கேட்க ஆள் இருந்தது. முதல் எம்.டி. எவ்வளவு காலம் இருந்தார் என்பதைவிட, இருந்த காலத்தில் எத்தனை பேர் மேஜையைத் தொட்டார் என்றுதான் நான் பார்ப்பேன்.

தென்னூரான் தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆபீஸில் ஒரு சாதாரணப் பொருள் வாங்கும் கோப்பு எத்தனை மேஜை ஏறி இறங்குகிறது, எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பாருங்கள். புது எம்.டி. பலகை எழுதுவதற்குள்.

#12 காவிரிக்கரை

அக்கா, இதை என் ஆய்வில் பயன்படுத்திக்கொள்ளலாமா? தொலைநோக்கு உள்ளவரா என்ற கேள்விக்குப் பதிலாக, ‘அவர் போன பின்பும் நீங்கள் விடாமல் செய்யும் வேலை எது?’ என்று கேட்கப் போகிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. அளவுகோல் எங்கே என்பார்.

#13 இன்டென்ட் அக்கா

தாராளமாகம்மா. பேராசிரியரிடம் சாக்பீஸ் என்று சொல்.

#14 தென்னூரான்

எண்ணினேன். போன வருஷம் ஜெராக்ஸ் மெஷினுக்கு டிரம் வாங்கிய கோப்பு. 17 கையெழுத்து. அதில் ஒரே ஆள் மூன்று இடத்தில் போட்டிருக்கிறார், இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லாத பிரிவின் பெயரில். கோப்பு நகர்ந்தது 71 நாள். டிரம் மாட்ட 20 நிமிஷம்.

இன்று மதியம் புது எம்.டி. எல்லாப் பிரிவையும் சுற்றி வந்தார். என் மேஜைக்கு வந்தபோது அந்தக் கோப்பு திறந்தே கிடந்தது, நான் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தேன். “இது என்ன நம்பர்?” என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்லதற்கா, எனக்கு மெமோவுக்கா என்று தெரியவில்லை.

#15 ஸ்பேர்பஸ்

கோப்புக்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

#16 தென்னூரான்

இல்லை அண்ணே. மெஷின் மறுபடி ரிப்பேர்.